மையத் திட்டமா, ஏலமா, தன்முடிவா: ஓட்டுநரில்லா வாகனங்களை ஒருங்கிணைக்கும் மூன்று வழிகள்

சிங்கப்பூரின் துவாஸ் துறைமுகத்தில் கப்பலிலிருந்து இறங்கும் கொள்கலன்களை அடுக்குத் தளத்துக்குக் கொண்டு செல்பவை ஓட்டுநரில்லா மின்வாகனங்கள். 2022 செப்டம்பரில் அதிகாரபூர்வமாகத் திறக்கப்பட்ட அந்தத் துறைமுகம், 2040களில் முழுமை பெறும்போது, 20 அடிக் கொள்கலன் கணக்கில் ஆண்டுக்கு 65 மில்லியன் கொள்கலன்களைக் கையாளக்கூடியதாகத் திட்டமிடப்பட்டிருக்கிறது. 2024-இல் சிங்கப்பூர் முழுவதும் கையாண்டது ஏறத்தாழ 41 மில்லியன் என்பதோடு இதை ஒப்பிட்டுப் பார்க்கலாம். அங்கே எந்த மென்பொருள் இயங்குகிறது என்பதைப் பற்றி நான் பேசவில்லை. அத்தகைய ஒரு முற்றத்தைக் களமாக வைத்துக்கொண்டு, தன்னாட்சி முகவர்கள் (இங்கே, தாமே முடிவெடுத்து இயங்கும் வாகனங்கள்) பல ஒரே இடத்தில் வேலை செய்யும்போது எந்த வாகனம் எந்தச் சுமையை எந்தப் பாதையில் எப்போது கொண்டு செல்ல வேண்டும் என்பதை யார் தீர்மானிப்பது என்ற கேள்விக்கு இதுவரை முன்வைக்கப்பட்டுள்ள மூன்று விடைகளை எடைபோடுகிறேன்.

முதல் விடை, எல்லாவற்றையும் ஒரே மையம் தீர்மானிப்பது. கேட்பதற்கு எளிதான இவ்வழி கணக்கில் எளிதன்று. ஒரு வாகனம் ஒவ்வொரு கணமும் நான்கு திசைகளில் ஒன்றில் நகரலாம், அல்லது நிற்கலாம் என்றால், பத்து வாகனங்களுக்கு ஒரே ஓர் அடிக்கு மட்டும் 9,765,625 சேர்க்கைகள் உண்டு. மோதல் இல்லாத மிகச் சிறந்த கூட்டுப் பாதைகளைக் கண்டுபிடிப்பது பொதுவாகவே கடினமான கணக்கு என்பது நிறுவப்பட்டுள்ளது. 2012-இல் வெளிவந்த மோதல் அடிப்படைத் தேடல் என்னும் முறை இந்தப் பெருக்கத்தை நேரடியாகச் சந்திக்காமல் சுற்றிக்கொண்டு செல்கிறது. முதலில் ஒவ்வொரு வாகனத்துக்கும் தனித்தனியே குறுகிய பாதையைக் கணிக்கிறது. பிறகு, தரையைச் சதுரக் கட்டங்களாகப் பிரித்து வைத்துக்கொண்டு, இரண்டு வாகனங்கள் ஒரே நேரத்தில் ஒரே கட்டத்தில் சந்திக்கும் இடத்தைத் தேடி, அங்கே இரு கிளைகளாகப் பிரிகிறது: ஒரு கிளையில் முதல் வாகனத்துக்கு அந்த நேரத்தில் அந்தக் கட்டம் தடை, மற்றதில் இரண்டாவதற்குத் தடை. ஒவ்வொரு கிளையிலும் ஒரே ஒரு வாகனத்தின் பாதையை மட்டும் திருத்தினால் போதும் என்பதே இதன் அழகு. ஆனால் நெரிசலான குறுகிய வழிகளில் மோதல்கள் பெருகும்போது கிளைகளும் பெருகி, விடை வருவதற்குள் நேரம் தீர்ந்துவிடுகிறது. 1987-இலேயே முன்மொழியப்பட்ட முன்னுரிமைத் திட்டமிடல் இதற்கு நேர்மாறானது. வாகனங்களை வரிசைப்படுத்தி, முந்தியவற்றின் பாதைகளை நகரும் தடைகளாகக் கருதி அடுத்தவற்றுக்கு வழி தேடும் அம்முறை மிக வேகமானது என்றாலும், வழி இருந்தும் இல்லை என்று கைவிரிக்கும் சூழல்கள் அதில் உண்டு.

இரண்டாவது விடை ஏலம். ரீட் ஸ்மித் 1980-இல் வெளியிட்ட ஒப்பந்த வலை நெறிமுறையே இதன் மூலவேர்: வேலை இருப்பவர் அறிவிக்கிறார், முடிந்தவர்கள் தங்கள் செலவைச் சொல்லி விலை கேட்கிறார்கள், சிறந்த விலைக்கு வேலை ஒப்படைக்கப்படுகிறது. ஒரு வாகனம் பழுதானால் அதன் வேலை மீண்டும் ஏலத்துக்கு வருமே தவிர, திட்டம் முழுவதும் கலைவதில்லை. இதன் தரத்துக்குக் கணித உத்தரவாதமும் உண்டு. இலக்குகளை ஒவ்வொன்றாக ஏலம் விட்டு, அதனால் தன் பயணம் எவ்வளவு கூடும் என்பதையே ஒவ்வொரு வாகனமும் விலையாகக் கேட்டால், மொத்தப் பயணத் தொலைவு மிகச் சிறந்த விடையைப் போல் இரு மடங்கைத் தாண்டாது என்று நிறுவியிருக்கிறார்கள்.

இந்த முறையில் எனக்கு மனக்கசப்பு ஏற்பட்ட அனுபவம் ஒன்று உண்டு. ஜூரோங் பகுதியில் ஒரு கிடங்கிற்காக இருபது வண்டிகள் கொண்ட கணினிப் பாவனை மாதிரியை உருவாக்கி, வேலைகளை ஏல முறையில் பகிர்ந்தேன். ஒவ்வொரு விலையும் சரியாகவே கணிக்கப்பட்டது. ஆனால் ஒரே இடைவழியில் அருகருகே இருந்த வேலைகளை அருகிலிருந்த வண்டிகளே வென்றன. சிறிது நேரத்தில் அந்த இடைவழியில் ஆறு வண்டிகள் முகத்துக்கு முகம் நின்று, எதுவும் நகரவில்லை. காரணம் எளியது: ஒவ்வொரு வண்டியும் தன் தொலைவை மட்டுமே விலையில் சேர்த்தது, தான் நுழைவதால் மற்றவர்களுக்கு ஏற்படும் தாமதத்தைச் சேர்க்கவில்லை. அந்தத் தாமதத்தை விலையில் சேர்க்க வேண்டுமானால் மற்ற வண்டிகளின் பாதைகள் தெரிந்திருக்க வேண்டும். அவை தெரிந்த பிறகு நம்மிடம் இருப்பது ஏலமன்று, மாறுவேடமிட்ட மையத் திட்டமே.

மூன்றாவது விடையில் மையமும் இல்லை, பேரமும் இல்லை. ஒவ்வொரு முகவரும் தான் காண்பதைக் கொண்டே முடிவெடுக்கிறது. எதிரே வரும் வாகனத்தைத் தவிர்க்கும் பொறுப்பில் இருவரும் சரிபாதியை ஏற்றுத் தத்தம் வேகத்தை மாற்றிக்கொள்ளும் முறைகள் திறந்தவெளியில் வியக்கத்தக்க வகையில் செயல்படுகின்றன. தகவல் தொடர்பே தேவையில்லை. குறுகிய வழியில் இதே முறை முட்டுக்கட்டையில் முடியும், ஏனெனில் பின்வாங்கி இன்னொருவருக்கு இடம்விடுவது நீண்டகால நன்மை என்பதை உடனடி அண்மையை மட்டும் பார்க்கும் ஒன்று அறியாது. நீண்டகாலத்தையும் சேர்த்துத் திட்டமிடலாமே என்றால், 2002-இல் வெளியான பெர்ன்ஸ்டைன் முதலானோரின் ஆய்வு முன்னே வந்து நிற்கிறது: தனித்தனிப் பார்வைகளைக் கொண்ட இரண்டே முகவர்களுக்குக்கூட மிகச் சிறந்த கூட்டுத் திட்டத்தைக் கண்டுபிடிப்பது, மையத் திட்டத்தைவிடவும் கடினமான கணக்கு வகையைச் சேர்ந்தது.

என் தெரிவு, முகவர்களின் அறிவைப் பொறுத்ததன்று. வாகனத்தின் நிலை பற்றிய செய்தி, திட்டமிடும் மையத்தை அடையும்போது அது இன்னும் உண்மையாக இருக்கிறதா என்பதையும், அந்தச் செய்தி யாருடைய உடைமை என்பதையும் பொறுத்தது. வேலியிட்ட முற்றத்தில், ஒரே நிறுவனத்தின் வாகனங்கள் தங்கள் நிலையை மறைக்க எந்தக் காரணமும் இல்லாத இடத்தில், ஏலத்துக்கு வேலையே இல்லை என்று துணிந்து சொல்வேன். தீவின் சாலைகளில் மனிதர்கள் ஓட்டும் வெவ்வேறு நிறுவனங்களின் டாக்சிகள் என்றால் நிலைமை வேறு. ஓட்டுநர் எங்கே செல்ல விரும்புகிறார், எவ்வளவு களைத்திருக்கிறார் என்பதெல்லாம் அவருக்கு மட்டுமே தெரியும். அங்கேதான் ஏலம் தன் மதிப்பைக் காட்டுகிறது. அங்கேதான், வென்றவர் தான் கேட்ட விலைக்குப் பதிலாக அடுத்தவர் கேட்ட இரண்டாவது சிறந்த விலையைச் செலுத்தினால் உண்மை விலையைக் கேட்பதே சிறந்த உத்தி என்று பொருளியலாளர் வில்லியம் விக்ரி 1961-இல் காட்டியதும் பயன்படுகிறது.

முற்றத்துக்கு நான் பரிந்துரைப்பது, 2005-இல் டேவிட் சில்வர் முன்வைத்ததைப் போன்ற, குறுகிய காலச் சாளரத்துக்கு மட்டும் இடத்தையும் நேரத்தையும் முன்பதிவு செய்து, சாளரம் நகர நகர மீண்டும் கணிக்கும் மையத் திட்டம். தைப்பூசத்தில் காவடி எடுப்போர் பதிவு செய்த நேரப் பிரிவில் பெருமாள் கோயிலிலிருந்து புறப்படுகிறார்கள். சாலையில் முன்னவருக்கும் தமக்கும் உள்ள இடைவெளியை அவரவர் கால்களே பார்த்துக்கொள்கின்றன. அதேபோல் வாகனத்தின் தன்முடிவை, மோதலைத் தவிர்க்கப் பிரேக் பிடிப்பதற்கு மட்டும் விட்டுவைக்கலாம். வினாடிக்கு 5 மீட்டர் வேகத்தில் செல்லும் வாகனம், அரை வினாடித் தாமதத்தில் 2.5 மீட்டர் நகர்ந்துவிடுகிறது. அந்த இடைவெளிக்குள் மையத்தைக் கேட்டுக்கொண்டிருக்க முடியாது. தொடர்பு அறுந்தால், ஏற்கெனவே பதிவான கட்டங்கள் வரை வாகனம் சென்று நிற்க வேண்டும். தொடர்பு திரும்பி, அது இருக்கும் இடம் உறுதியாகும்வரை, அது நிற்கும் கட்டத்தை மையம் வேறெவருக்கும் ஒதுக்கக் கூடாது.