தாடை மூட்டு வலிக்கு நைட் கார்டு: நான்கு ஆண்டுப் பயன்பாட்டு அனுபவம்

தாடை மூட்டு வலிக்காக இரவில் பல்லின்மேல் அணியும் கவசத்தை, அதாவது பல் மருத்துவமனைகளில் நைட் கார்டு என்று சொல்லப்படுவதை, 2021 ஆம் ஆண்டு முதல் பயன்படுத்தி வருகிறேன். இதுவரை மூன்று கவசங்கள் மாறியிருக்கின்றன. முதலாவது எனக்குக் கெடுதலே செய்தது. இரண்டாவது நன்றாக உழைத்து, வெந்நீரில் வளைந்து வீணானது. மூன்றாவது இப்போதும் என் தலைமாட்டில் இருக்கிறது. வாங்கலாமா என்று யோசிப்பவர்கள் இது எதைச் செய்யும், எதைச் செய்யாது என்று தெரிந்துகொண்டு வாங்க உதவுமே என்று இதை எழுதுகிறேன்.

நான் ஈரோட்டில் ஒரு தணிக்கை அலுவலகத்தில் வேலை செய்கிறேன். 2019-20 நிதியாண்டின் வரித் தணிக்கைக்கான கெடு 2021 ஜனவரி 15 வரை நீட்டிக்கப்பட்டிருந்த காலம் அது. அந்தக் கெடு முடிந்த கையோடு எனக்கு வலது காதில் வலி தொடங்கியது. காதில் சீழோ அழுக்கோ இருக்கும் என்று எண்ணி முதலில் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம்தான் போனேன். அவர் காதுக்குள் பார்த்துவிட்டு எதுவும் இல்லை என்றார். பிறகு காதுக்கு முன்னால் விரலை வைத்து, வாயைத் திறந்து மூடச் சொன்னார். வலப்பக்கம் 'டக்' என்று ஒரு சத்தம் எழுந்தது. அங்கிருந்து பல் மருத்துவரிடம் அனுப்பப்பட்டேன். தாடை மூட்டு வலி உள்ளவர்களில் பலருக்கு வலி காதில்தான் முதலில் தெரியும் என்பதை அன்றுதான் அறிந்தேன்.

காதுக்குச் சற்று முன்னால் விரலை வைத்து வாயை மெல்லத் திறந்து பார்த்தால் இந்த மூட்டின் வேலை புரியும். தொடக்கத்தில் கீழ்த்தாடையின் தலைப்பகுதி கதவுக் கீல்போலச் சுழலும். வாய் மேலும் திறக்கும்போது அது சரிவில் இறங்குவதைப்போல முன்னோக்கி நகரும். எலும்புக்கும் எலும்புக்கும் நடுவில் வாஷர்போல ஒரு மெல்லிய தட்டு இருக்கிறது. அந்தத் தட்டு இடம்விட்டு முன்னே நழுவியிருந்து, வாய் திறக்கும்போது தன் இடத்துக்குத் திரும்பினால் 'டக்' என்ற சத்தம் கேட்கும். திரும்பாமலேயே நின்றுவிட்டால் வாய் பாதியில் மாட்டிக்கொள்ளும். எனக்கு முதல் வகை. அத்துடன் கன்னத்துத் தசையும் கன்னப்பொறித் தசையும் கல்லாக இறுகியிருந்தன. என் வாய் அன்று 31 மில்லிமீட்டர்தான் திறந்தது. பெரியவர்களுக்குப் பொதுவாக 40 மில்லிமீட்டர் அளவுக்குத் திறக்க வேண்டும். மூன்று விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தி வாய்க்குள் விட்டுப் பார்ப்பது இதற்கான வீட்டுச் சோதனை. எனக்கு இரண்டு விரல்களே சிரமப்பட்டு நுழைந்தன. நாக்கின் ஓரங்களில் பல் பதிந்த தடம், உட்கன்னத்தில் வெள்ளைக் கோடு, கோரைப்பல்லின் கூர் தேய்ந்து தட்டையானது ஆகியவற்றைக் காட்டிய மருத்துவர், நான் பல்லைக் கடிப்பவள் என்று சொன்னார். சிறுவயதில் தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடித்தபோது, வயிற்றில் பூச்சி என்று சொல்லி வேப்பங்கொழுந்தை அரைத்துக் கொடுத்தவர் என் அம்மா. நாற்பத்திரண்டு வயதிலும் அவர் அதே மருந்தைத்தான் சொன்னார்.

கவசம் செய்ய அளவெடுப்பதற்குள் 2021 மே மாத ஊரடங்கு வந்துவிட்டது. நான் போய்க்கொண்டிருந்த இடத்தில் அவசரச் சிகிச்சை மட்டுமே பார்த்தார்கள். வலி பொறுக்காமல், வெந்நீரில் போட்டு இளக்கிக் கடித்து நாமே வடிவமைத்துக்கொள்ளும் மென்கவசம் ஒன்றை இணையத்தில் 600 ரூபாய்க்கு வாங்கினேன். முதல் இரண்டு இரவுகள் மெத்தைபோல இதமாக இருந்தது. மூன்றாம் நாள் முதல், தாடை அதை ஏதோ தின்பண்டம் என்று நினைத்துக்கொண்டதுபோல இரவெல்லாம் மென்றிருக்கிறது. காலையில் கன்னம் வீங்கியதுபோல் கனத்தது. ஏழு வாரங்களில் வலது கடைவாய்ப் பக்கம் ஓட்டை விழுந்தது. மென்மையான பொருள் பற்களுக்கு நடுவில் இருந்தால் சிலருக்குக் கடிக்கும் வேகம் கூடும் என்று பின்னர் மருத்துவர் விளக்கினார். எல்லோருக்கும் அப்படி ஆவதில்லை; மென்கவசமே போதும் என்று இருப்பவர்களும் உண்டு. ஆனால் காலையில் வலி கூடுகிறது என்று தெரிந்த பிறகும் ஏழு வாரம் அதைப் போட்டுக்கொண்டிருந்தது என் தவறு.

செப்டம்பரில் கடின அக்ரிலிக் கவசம் வந்தது. மேல், கீழ் இரு பல்வரிசைகளுக்கும் ஆல்ஜினேட் பசையில் அளவெடுத்து, மெழுகில் கடிபதிவு எடுத்து, ஆய்வகத்துக்கு அனுப்பிப் பத்து நாளில் செய்து வாங்கினார்கள். விலை 6,500 ரூபாய். மேல்பற்கள் முழுவதையும் மூடும் இந்த வகையை மிச்சிகன் ஸ்ப்ளிண்ட் என்பார்கள். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ராம்ஃபியோர்டு, ஆஷ் என்ற இரு பல் மருத்துவப் பேராசிரியர்கள் உருவாக்கிய வடிவம் அது. இதன் அடிப்பக்கம் சமதளமாக இருக்கும். கீழ்ப்பற்கள் அனைத்தும் ஒரே நேரத்தில் அதன்மேல் படிய வேண்டும். தாடை பக்கவாட்டில் நகரும்போது கோரைப்பல் பகுதியில் உள்ள சிறு மேடு கடைவாய்ப்பற்களைப் பிரித்துவிடும்.

பணம் கொடுத்து வாங்குவது அந்தப் பிளாஸ்டிக்கை அல்ல, அதைச் சரிசெய்யும் உழைப்பைத்தான் என்று பொருத்திய அன்றே தெரிந்தது. நீலத்தாளை நடுவில் வைத்துக் கடிக்கச் சொல்லி, மை அழுத்தமாகப் பதிந்த இடத்தைச் சீவி, மறுபடி கடிக்கச் சொல்லி, இப்படியே ஏறத்தாழ ஒரு மணி நேரம் போனது. ஒரு வாரம் கழித்தும் ஒரு மாதம் கழித்தும் இதே வேலை திரும்ப நடந்தது; ஏனென்றால் தசையின் இறுக்கம் தளரத் தளரத் தாடை நிற்கும் இடமே சற்று மாறுகிறது, அதனால் பதியும் தடங்களும் மாறுகின்றன. கவசத்தைக் கையில் கொடுத்து 'போய்வாருங்கள்' என்று அனுப்பிவிடும் இடத்தில் இதைச் செய்துகொள்ள வேண்டாம் என்பதே என் கருத்து.

முதல் பத்து இரவுகள் தொல்லையானவை. எச்சில் ஊறித் தலையணை நனைந்தது. 'ச' வரும் சொற்கள் குழறின. முன்பற்களை யாரோ இறுக்கிப் பிடித்திருப்பதுபோல் இருந்தது. இரண்டு முறை தூக்கத்திலேயே கழற்றி எறிந்துவிட்டு, காலையில் கட்டிலுக்கு அடியில் தேடினேன். கழற்றிய பிறகு கடைவாய்ப்பற்கள் ஒன்றோடொன்று சேராததுபோல் கால்மணி நேரம் தோன்றும். இது பலருக்கும் வரும், தானாகவே சரியாகிவிடும். பகல் முழுக்க அப்படியே இருந்தால் மட்டும் மருத்துவரிடம் உடனே சொல்ல வேண்டும், ஏனென்றால் கடியே, அதாவது மேல்பல்லும் கீழ்ப்பல்லும் பொருந்தும் விதமே, மாறத் தொடங்கியிருக்கலாம். முன்பற்களில் மட்டும் மாட்டும் சிறிய கவசங்களில் இந்த ஆபத்து கூடுதல். மூடப்படாத பின்பற்கள் நாளடைவில் நகரக்கூடும் என்பதால், மருத்துவக் கண்காணிப்பு இல்லாமல் அவற்றை மாதக்கணக்கில் போடுவது சரியல்ல.

மூன்று வாரத்தில் காலைத் தலைவலி விட்டது. இரண்டு மாதத்தில் காதுவலி குறைந்தது. டிசம்பரில் வாய் 36 மில்லிமீட்டர் திறந்தது. 'டக்' சத்தம் போகவில்லை. வலி இல்லாமல் சத்தம் மட்டும் இருந்தால் அதைத் துரத்திக்கொண்டு போக வேண்டியதில்லை என்று மருத்துவர் சொன்னதை ஏற்றுக்கொண்டேன். அந்தப் பொங்கலுக்குக் கரும்பைச் சாறாகத்தான் குடித்தேன். முறுக்கும் சீடையும் ஆறு மாதம் வீட்டுக்குள் வரவில்லை.

பிறகு 2022 மார்ச் வந்தது. ஓர் இரவுகூட விடாமல் கவசம் போட்டும் வலி முழுவதுமாகத் திரும்பியது. காலை எழுந்தவுடன், நண்பகலில், இரவு படுக்கும்முன் என மூன்று வேளையும் வலிக்குப் பத்துக்கு எத்தனை மதிப்பெண் என்று குறித்துவரும்படி மருத்துவர் சொன்னார். கணக்கு எழுதுவது என் தொழில் என்பதால் அதை ஒழுங்காகவே செய்தேன். இரண்டு வாரக் குறிப்பில் காலையில் பெரும்பாலும் இரண்டு, மாலை தாண்டினால் ஆறு, ஏழு. ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் நாள் முழுவதும் இரண்டு. இரவில் பல்லைக் கடிப்பதால் மட்டுமே வரும் வலி என்றால் காலையில்தான் உச்சத்தில் இருக்க வேண்டும். என் வலியோ அலுவலகத்தில் விளைந்துகொண்டிருந்தது. அடுத்த நாள் கணினி முன் உட்கார்ந்து என்னையே கவனித்தபோது, ஒரு பத்தியின் கூட்டுத்தொகை ஒத்துவரவில்லை என்றால், அது ஒத்துவரும்வரை நான் பல்லோடு பல்லை அழுத்திக்கொண்டே இருப்பது தெரிந்தது. 'பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொள்' என்று நம் ஊரில் சொல்வதை நான் சொல்லுக்குச் சொல் கடைப்பிடித்திருக்கிறேன்.

சும்மா இருக்கும்போது மேல்பல்லும் கீழ்ப்பல்லும் தொடக்கூடாது என்பதே பலருக்குத் தெரிவதில்லை. உதடுகள் மூடியிருக்க வேண்டும், பற்கள் சில மில்லிமீட்டர் பிரிந்திருக்க வேண்டும், நாக்கின் நுனி மேல் முன்பற்களுக்குச் சற்றுப் பின்னால் அண்ணத்தைத் தொட வேண்டும். நாக்கை எங்கே வைப்பது என்று குழம்பியபோது எனக்குக் கைகொடுத்தது தமிழ் எழுத்துத்தான்: 'ந' சொல்லும்போது நாக்கு பல்லைத் தொடும், 'ன' சொல்லும்போது அதற்குப் பின்னால் உள்ள மேட்டைத் தொடும்; நாக்கு நிற்க வேண்டியது 'ன' நிற்கும் இடம். கணினித் திரையின் மூலையில் ஒரு சிறு தாளில் 'ன' என்று மட்டும் எழுதி ஒட்டினேன். உடன் வேலை செய்பவர்கள் அது ஏதோ ராசி எழுத்து என்று பல நாள் நினைத்திருந்தார்கள்.

இத்துடன், நாக்கை அண்ணத்தில் வைத்தபடியே வாயை மெல்லத் திறந்து மூடும் பயிற்சியை ஒரு வேளைக்கு ஆறு முறை என நாளில் ஆறு வேளை செய்தேன். மாலையில் கால்மணி நேரம் வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துண்டால் ஒத்தடம் கொடுத்து, கன்னத்துத் தசையை விரலால் வட்டமாக நீவிவிட்டேன். பிசியோதெரபிஸ்ட் ஒருவரிடம் ஐந்து முறை போனேன். கொட்டாவி வந்தால் முகவாய்க்கு அடியில் கையை வைத்துத் தாங்கிக்கொள்ளவும், தொலைபேசியைத் தோளுக்கும் கன்னத்துக்கும் நடுவில் இடுக்காமல் இருக்கவும் பழகினேன். 2022 இறுதியில் வாய் 41 மில்லிமீட்டர் திறந்தது. கவசம் மட்டும் போட்டிருந்த காலத்தில் 36 இல் நின்றுபோன அளவு, பகல் பழக்கத்தை மாற்றிய பிறகுதான் நகர்ந்தது.

இரண்டாவது கவசத்தின் முடிவு சோகமானது. 2023 நவம்பரில் எங்களோடு தங்க வந்த அம்மா, பால்புட்டியைச் சுத்தம் செய்யும் அக்கறையோடு அதைக் கொதிக்கும் நீரில் போட்டுவிட்டார். அக்ரிலிக் சூட்டில் வளைந்தது, முன்பக்கம் படியவே இல்லை. குளிர்ந்த நீர், மென்மையான பிரஷ், ஒரு சொட்டு சோப்புத் திரவம் போதும். பற்பசை மேற்பரப்பைக் கீறிவிடும் என்பதால் அதையும் தவிர்க்க வேண்டும். வாரம் ஒருமுறை செயற்கைப் பல் கழுவும் மாத்திரையில் ஊறவைக்கிறேன். பகலில் துளையுள்ள டப்பாவில் உலர விடுகிறேன். பல்லை அடைத்தாலோ பல்லின்மேல் தொப்பி (கேப்) போட்டாலோ பழைய கவசம் பொருந்தாமல் போகலாம் என்பதையும் நினைவில் வைப்பது நல்லது.

மூன்றாவது கவசத்துக்கு 8,000 ரூபாய் கொடுத்த அடுத்த மாதமே, 2023 டிசம்பரில், பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் இதழில் நாள்பட்ட தாடை மூட்டு வலிக்கான வழிகாட்டுதல் வெளிவந்தது. சிந்தனையையும் நடத்தையையும் சார்ந்த உளவியல் சிகிச்சை, மேற்பார்வையுடன் செய்யும் தாடைப் பயிற்சி, கையால் மூட்டையும் தசையையும் இளக்கும் சிகிச்சை ஆகியவற்றை அது உறுதியாகப் பரிந்துரைக்கிறது. கழற்றி மாட்டும் கவசங்களை வலிக்காகப் பயன்படுத்த வேண்டாம் என்று, நிபந்தனையுடன்தான் என்றாலும், சொல்கிறது. படித்தபோது 8,000 ரூபாய் உறுத்தியது. ஆனால் வியப்பு வரவில்லை. என் நோட்டுப் புத்தகமும் ஏறக்குறைய அதையேதான் சொல்லியிருந்தது.

ஆனாலும் நான் கவசத்தை விடவில்லை. அந்த வழிகாட்டுதல் பேசுவது வலியைப் பற்றி. என் கவலையில் பாதி பல்லைப் பற்றியது. ஒரு முறை தேய்ந்த எனாமல் திரும்ப வளராது. மூன்றாவது கவசத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் வலது கடைவாய்ப் பக்கம் இரண்டு பளபளப்பான தேய்மானத் தடங்கள் தெரிகின்றன. கவசம் இல்லாதிருந்தால் அவை என் பல்லில் விழுந்திருக்கும். பல்லே தேயாத ஒருவர், வலிக்கு மட்டும் என்று இத்தனை செலவு செய்யலாமா என்று என்னைக் கேட்டால், முதலில் மூன்று மாதம் பகல் பழக்கத்தையும் பயிற்சியையும் பாருங்கள் என்றே சொல்வேன். பல்லைச் சீவிக் கடியையே மாற்றலாம் என்று தொடக்கத்திலேயே யாராவது சொன்னால், இன்னொரு மருத்துவரிடம் கருத்துக் கேட்காமல் ஒப்புக்கொள்ள வேண்டாம்.

குறட்டையும் பகலில் தாங்க முடியாத தூக்கமும் உள்ளவர்கள் கவசம் போடும் முன் அதை மருத்துவரிடம் சொல்ல வேண்டும். வாய் திடீரென்று திறக்காமல் மாட்டிக்கொண்டாலோ, வீக்கமும் காய்ச்சலும் இருந்தாலோ, முகம் மரத்தாலோ காத்திருக்கக் கூடாது. நடக்கும்போது தாடையில் வலி வந்து நெஞ்சிறுக்கமும் வியர்வையும் சேர்ந்தால் அது இதயத்தின் வலியாக இருக்கலாம். ஐம்பதைத் தாண்டியவருக்குப் புதிதாகக் கன்னப்பொறியில் வலியும், மெல்லும்போது தாடை வலியும், பார்வை மங்கலும் சேர்ந்து வந்தால் அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

இப்போது அலுவலக வேலை நெருக்கும் மார்ச் மாதத்திலும், ஜூலை முதல் செப்டம்பர் வரையிலும் ஒவ்வோர் இரவும் கவசம் போடுகிறேன். மற்ற மாதங்களில் வாரத்துக்கு நான்கு இரவுகள். போடாத இரவுகளில் நான் பல்லைக் கடித்தேனா என்பதைக் காலையில் கேட்காமலே என் கணவர் சொல்லிவிடுகிறார். கடைசியாக அளந்தபோது வாய் 42 மில்லிமீட்டர் திறந்தது. வலப்பக்கம் இன்னும் 'டக்' என்கிறது.