கரேரி ஏரிவரை தாக்குப்பிடித்த காரைக்குடிப் பலகாரம்

காரைக்குடி கல்லுக்கட்டிப் பக்கம் ஒரு பழைய வீட்டு முகப்பிலேயே பலகாரம் போட்டு விற்கிறார் ஒரு ஆச்சி. போர்டு எதுவும் கிடையாது. கல்யாணச் சீருக்கும் தீபாவளிக்கும் வாங்குகிறவர்களைக் கேட்டால் அவர் கைப்பக்குவத்தைப் பற்றி நிறையச் சொல்வார்கள். நான் சொல்ல வந்தது வேறு. அந்தப் பலகாரத்தை முதுகுப்பையில் போட்டுக்கொண்டு இமயமலைப் பக்கம் ஏறினால் எது உதவும், எது உதவாது என்பதைத்தான்.

நாங்கள் போனது இமாசலப் பிரதேசத்தில் தர்மசாலாவுக்குப் பக்கத்தில் இருக்கும் கரேரி ஏரி. உயரம் 2,934 மீட்டர். கரேரி கிராமத்திலிருந்து ஏறக்குறைய 13 கிலோமீட்டர் நடை. பைன், ஓக் மரக்காட்டுக்குள் நியுந்த் ஓடையை ஒட்டியே பாதை ஏறுகிறது. மேலே போகப் போகப் பாறையும் கல்லும்தான். சீசனில் வழியில் டீயும் மேகியும் கிடைக்கும். ஆனால் மூச்சு வாங்கும் இடத்தில் கடை இருக்காது, பையில் இருப்பதுதான் சாப்பாடு.

மலைக்குப் போகிறேன் என்று சொன்னதும் நான் கேட்ட பட்டியலை ஆச்சி பாதியாக வெட்டிவிட்டார். "அதிரசம் வேணாம் தம்பி, மே மாசத்து ரயில் வெக்கையில ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிரும். மாவுருண்டையைச் சின்னதா உருட்டித் தாரேன். குளுருல நெய் ஒறைஞ்சு கெட்டியாயிரும், கடிக்காதீங்க, வாயில ஒதுக்கிக்கங்க." விற்கிற சரக்கைத் தானே வேண்டாம் என்று சொல்கிற கடைக்காரரை நான் அதிகம் பார்த்ததில்லை.

அவர் சொன்னது அப்படியே நடந்தது. கடைசி ஏற்றத்தில், ஓடைக் காற்று முகத்தில் அறையும் இடத்தில் ஒரு மாவுருண்டையை எடுத்தேன். பல்லுக்கு அசையவே இல்லை. கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு நடந்தேன். கொஞ்ச நேரத்தில் நெய் இளக ஆரம்பித்தது. முதலில் ஏலக்காய் வாசம், அப்புறம் வறுத்துத் திரித்த பாசிப்பருப்பின் ருசி, கடைசியில் நாக்கில் சர்க்கரை நெறநெறப்பு. நிற்கவும் வேண்டாம், பையை இறக்கவும் வேண்டாம். உயரம் கூடக் கூடப் பசி மந்தமாகும், ஆனால் காலுக்குத் தெம்பு வேண்டுமே. பருப்பு, நெய், சர்க்கரை மூன்றும் ஒரே வாயில் போய்விடுவதால் அந்த நேரத்துக்கு இதைவிடத் தோதான தீனி எனக்குத் தெரியவில்லை.

சீப்புச் சீடை மேல்தான் எனக்குச் சந்தேகம் இருந்தது. தேங்காய்ப்பால் விட்டுப் பிசைந்த மாவு, வெயிலில் அத்தனை தூரம் ரயில் பயணம், சிக்கு வாடை வந்திருக்கும் என்றே நினைத்துப் பையைப் பிரித்தேன். வாடை துளிகூட இல்லை, மொறுமொறுப்பும் குறையவில்லை. செக்குக் கடலெண்ணெய், அதிலும் ஒருமுறை பொரித்த எண்ணெயை மறுபடி அடுப்பில் ஏற்றுவதில்லை என்று ஆச்சி சொன்னதை இப்போது முழுசாக நம்புகிறேன். வியர்த்துக் கொட்டிய உடம்புக்கு அந்த உப்பும் வேண்டியிருந்தது. எங்கள் வழிகாட்டி ஒன்று எடுத்துத் தின்றுவிட்டு, அப்புறம் கை நிறைய வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

ஏரித் தண்ணீர் பனி உருகி வருவது. ஆழம் குறைவு, அடியில் கிடக்கும் கல்லெல்லாம் தெளிவாகத் தெரியும். மேட்டில் சிவனுக்கும் சக்திக்கும் கோயில் இருக்கிறது. அங்கே உட்கார்ந்துதான், முறுக்குத் துண்டுகளை வெல்லப்பாகில் புரட்டிச் செய்கிற மனகோலத்தைப் பிரித்தோம். இதில் மட்டும் வருத்தம். பாகின் பக்குவமும் தேங்காய்ப் பல்லும் அருமை, ஆனால் எல்லாம் நொறுங்கித் தூளாகிச் சீடையோடு கலந்திருந்தது. மெல்லிசான பிளாஸ்டிக் பையில் போட்டு ரப்பர் பேண்ட் மாட்டித் தருகிறார்கள், அதுதான் காரணம். இவ்வளவு பொறுப்பாகச் செய்கிற பலகாரத்துக்கு இந்தப் பை பொருந்தவே இல்லை. அந்தப் பைகளைக் காற்றில் பறக்கவிடாமல் திரும்பக் கீழே கொண்டுவருவதும் ஒரு வேலையாகிவிட்டது.

ஆகவே வாங்கப் போகும்போது வீட்டிலிருந்தே மூடி இறுக்கமான சம்படம் ஒன்று எடுத்துப் போங்கள், அதிலேயே அடுக்கித் தருவார். விலை கடைத்தெருவைவிடக் கொஞ்சம் கூடத்தான், நெய்யைப் பார்த்தால் நியாயம். முகூர்த்த நாட்களில் நேரில் போய் நின்றால் கிடைக்காது, ஒரு வாரம் முன்னாலேயே சொல்லிவையுங்கள். மலைக்கு என்றால் மாவுருண்டை சின்னதாக வேண்டும் என்பதையும் மறக்காமல் சொல்லுங்கள்.