ஸ்பீக்கர் கேபிள்: பிராண்டா, சாதாரணச் செம்பா, சி.சி.ஏ.வா?

ஆடியோ ஆர்வலர்கள் நாலு பேர் சேர்ந்தால் பேச்சு எங்கெங்கோ போகும். மின் கார் பற்றி ஆளுக்கொரு கட்சி பேசி, பிறகு சமாதானமாகிவிடுவார்கள். சாப்பாட்டுப் பேச்சு வந்தால் எல்லோருக்கும் ஒரே கட்சிதான். கேபிளில் மட்டும் யாரும் இறங்கி வருவதில்லை. ஸ்பீக்கர்களை இடம் மாற்றி வைத்ததில் பழைய கேபிள் எட்டாமல் போய், அண்மையில் நானும் இந்தக் கேள்வியில் மாட்டிக்கொண்டேன். முன்னால் இருந்தவை மூன்று: பெட்டியில் அழகாக வரும் பிராண்ட் கேபிள், மீட்டர் கணக்கில் வெட்டித் தரும் சாதாரணச் செம்புக் கேபிள், அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய சி.சி.ஏ.

நான் வாங்கியது சாதாரணச் செம்பு, 2.5 சதுர மி.மீ. தடிமன். அதன் பக்கம் சாய்ந்துதான் இதை எழுதுகிறேன்.

மின்தடைக் கணக்கைச் சீக்கிரம் முடித்துவிடலாம். ஆம்ப்ளிஃபயரிலிருந்து ஸ்பீக்கர் 5 மீட்டர் தள்ளி இருந்தால், போக வர 10 மீட்டர் கம்பி. 2.5 சதுர மி.மீ. செம்பில் அது சுமார் 0.07 ஓம். 4 ஓம் ஸ்பீக்கருக்கு இழப்பு 0.15 டெசிபல் அளவில்தான் இருக்கும், காதுக்கு எட்டாது. 0.75 சதுர மி.மீ. மெல்லிய கம்பியில் அதே தூரத்துக்கு 0.23 ஓம், இழப்பு ஏறக்குறைய அரை டெசிபல். ஒலி மொத்தமாக அரை டெசிபல் குறைந்தால் வால்யூமைத் திருகிக்கொள்ளலாம். ஆனால் ஸ்பீக்கரின் மின்தடை எல்லா அதிர்வெண்ணிலும் ஒன்றாக இருப்பதில்லை. பெட்டியில் 4 ஓம் என்று போட்டிருப்பது ஓரிடத்தில் 3-க்கு இறங்கும், வேறோரிடத்தில் 15-ஐத் தாண்டும். அதனால் இழப்பும் இடத்துக்கு இடம் மாறி, ஒலியின் நிறமே லேசாக மாறும். மெல்லிய கம்பி வேண்டாம் என்பதற்கு இந்த ஒரு காரணம் போதும். தடிமன் சரியாக அமைந்துவிட்டால் இந்த விவாதமும் அங்கேயே முடிந்துவிடுகிறது.

பிராண்ட் கேபிள்காரர்கள் அடுத்து நீட்டுவது ஆக்சிஜன் நீக்கிய செம்பு. அதன் தூய்மை 99.95 அல்லது 99.99 சதவீதம். சாதாரண மின்கம்பிச் செம்பே 99.9 சதவீதம் தூய்மைதான், மின்சாரத்தைக் கடத்துவதில் இரண்டுக்கும் வித்தியாசம் ஒரு சதவீதம் அளவுதான். வெள்ளிகூடச் செம்பை விட ஐந்தாறு சதவீதம்தான் மேல், கம்பியைக் கொஞ்சம் தடிமனாக்கினால் அதுவும் ஈடாகிவிடும். ஒலியளவைச் சமப்படுத்தி, எந்தக் கேபிள் ஓடுகிறது என்று தெரியாமல் கேட்டபோது, விலையுயர்ந்த செம்பையும் சாதாரணச் செம்பையும் என்னால் பிரித்துச் சொல்ல முடிந்ததில்லை. வெள்ளிக் கேபிளை நண்பர்களின் அறையில் கொஞ்ச நேரம் கேட்டதோடு சரி, அந்த அனுபவத்தை வைத்துத் தீர்ப்பெழுத மாட்டேன்.

ஆக, வாங்கிய அன்று, தேவையான தடிமன் இருக்கும்வரை, மூன்றும் ஒன்றுபோலத்தான் பாடும். சி.சி.ஏ.வும் சேர்த்தே சொல்கிறேன். சில வருடம் கழித்து எப்படி என்பதுதான் எனக்கு முக்கியம். அங்கே எல்லாவற்றையும் முடிவு செய்வது கம்பியின் முனை.

கேபிளின் நடுப்பகுதி உறைக்குள் பத்திரமாகக் கிடக்கிறது. காற்றும் ஈரமும் படுவது உறையைச் சீவிய அந்த ஒரு சென்டிமீட்டரில்தான். செம்பு அங்கே முதலில் கறுக்கும், ஈரம் அதிகமானால் பச்சையாகக் களிம்பு ஏறும். ஊடுருவித் தெரியும் உறை போட்ட கேபிளில் இந்தப் பச்சை உள்ளே ஓடுவது கண்ணுக்கே தெரியும். பார்க்க அசிங்கமாக இருந்தாலும் நடுவில் இருக்கும்வரை பாட்டு கெடாது. முனையில், பிடிமானம் தளர்ந்த இடத்தில், களிம்பு சேரும்போதுதான் தொல்லை: ஒரு பக்க ஸ்பீக்கர் கரகரக்கும், கேபிளைத் தொட்டால் சரியாகும், விட்டால் மறுபடி தொடங்கும்.

சாதாரணச் செம்பில் இதற்கு வைத்தியம் சுலபம். கெட்டுப்போன இரண்டு சென்டிமீட்டரை வெட்டி எறிந்துவிட்டு, உறையைப் புதிதாகச் சீவி, இழைகளை முறுக்கி, மறுபடி திருகலாம். முனை புதுக் கம்பியாகிவிடும். இதற்காகவே இரு பக்கமும் அரை மீட்டர் கூடுதலாக விட்டிருக்கிறேன். பனானா பிளக், அதாவது கம்பி முனையில் மாட்டி அப்படியே செருகும் பிளக், வேண்டுமென்றால் திருகு வைத்தது போதும், வருடத்துக்கு ஒருமுறை இறுக்கிவிட்டால் சரி. ஒன்றை மட்டும் செய்யாதீர்கள்: முனையில் ஈயம் வைத்து, அதைத் திருகுக்கு அடியில் கொடுப்பது. பற்றவைக்கும் ஈயம் மென்மையானது, அழுத்தத்தில் மெல்ல நசுங்கிக் கொடுக்கும், திருகு தானாகத் தளர்ந்துவிடும்.

பிராண்ட் கேபிளின் முனை தொழிற்சாலையில் அழுத்திப் பொருத்தப்பட்டது. வேலைப்பாட்டில் குறை சொல்ல முடியாது, என் கைவேலையை விட நிச்சயம் நேர்த்தி. நீண்ட காலம் தொல்லை கொடுக்காமலும் இருக்கலாம். ஆனால் நீளம் நிலையானது. ஸ்பீக்கரை ஒரு மீட்டர் தள்ளினால் எட்டாது, பிளக் கழன்றால் வெட்டிப் பொருத்த மனம் வராது. வெட்டிவிட்டால் பழைய சந்தையில் அதன் மதிப்பு போய்விடும். மறுவிற்பனை இருப்பது இந்த ஒன்றுக்குத்தான் என்பதையும் சொல்லியாக வேண்டும், சாதாரணக் கேபிளைத் திரும்ப வாங்க ஆள் கிடையாது. அடிக்கடி சாதனம் மாற்றுகிறவர், கேபிளைப் பெட்டியோடு பத்திரமாக வைத்திருப்பவர் என்றால் அந்தக் கணக்கு அவருக்கு ஒத்துவரலாம். போலிச் சரக்கும் அதே சந்தையில்தான் உலவுகிறது என்பதால், பழையதாக வாங்குகிறவர் பார்த்து வாங்க வேண்டும்.

சி.சி.ஏ.வில் முனைதான் பலவீனமே. வெட்டிய இடத்தில் அலுமினியம் காற்றைப் பார்த்ததும் அதன் மேல் ஆக்சைடு படியும், அது மின்சாரத்தைக் கடத்தாது. திருகின் அழுத்தத்தில் அலுமினியம் நாளடைவில் தட்டையாகிப் பிடி தளரும். அடிக்கடி வளைத்தால் இழைகள் ஒவ்வொன்றாக ஒடியும். செம்பைப் போலவே வெட்டிப் புதுப்பிக்கலாம்தான், ஆனால் புதுப்பித்த மறுநாளே அதே கதை தொடங்குகிறது.

அலுமினியத்தின் மேல் எனக்குப் பகை ஒன்றுமில்லை. மின் கார்களில் பேட்டரியிலிருந்து போகும் தடித்த கேபிள்களில் அதைத் தெரிந்தே போடுகிறார்கள். அதே மின்தடைக்கு எடை செம்பில் பாதிதான் வரும். ஆனால் அங்கே அளவைப் பெருக்கிப் போடுகிறார்கள், முனையைத் திருகோடு விட்டுவிடாமல் வெல்டிங் செய்து மூடுகிறார்கள். 400, 800 வோல்ட்டில் ஓடுவதால் கம்பியில் விழும் ஓரிரு வோல்ட் பெரிதாகத் தெரியாது. 4 ஓம் ஸ்பீக்கருக்கு 100 வாட் போகும்போது இருப்பதே 20 வோல்ட், ஓடுவது 5 ஆம்பியர். முனையில் கால் ஓம் கூடினாலும் ஒரு வோல்ட்டுக்கு மேல் போய்விடும். 2.5 சதுர மி.மீ. செம்புக்கு ஈடாக 4 சதுர மி.மீ. சி.சி.ஏ. போட்டு, முனைக்குச் சரியான லக், அதாவது கம்பி முனையில் மாட்டி நசுக்கிப் பொருத்தும் உலோகத் துண்டு, அழுத்தினால் அதுவும் ஓடும். நீளம் மிக அதிகம், இன்னும் சில மாதத்தில் அவிழ்த்துவிடப் போகிறோம் என்கிற தற்காலிக வேலைக்கு நானே அதைத்தான் சொல்வேன்.

சிக்கல், சி.சி.ஏ.வைச் செம்பு என்று சொல்லி விற்பதில்தான். தூக்கிப் பார்த்தாலே சந்தேகம் வரும், தடிமனுக்கேற்ற கனம் இருக்காது. ஓர் இழையை எடுத்துக் கத்தியால் சுரண்டுங்கள். வெளியே சிவப்பாக இருந்து உள்ளே வெளுத்தால் அது சி.சி.ஏ.தான். வெளியே வெள்ளையாக இருந்து உள்ளே சிவந்தால் அது வெள்ளீயம் பூசிய செம்பு, பயமில்லாமல் வாங்கலாம்.