அகாமனியக் காலாட்படையும் சாசானியக் காலாட்படையும்

பண்டைப் பாரசீகப் பேரரசுகள் காலாட்படைக்கு அளித்த இடம் ஒரே தன்மையதன்று. முந்தைய பேரரசை ஆண்ட அகாமனியரின் படையில் முன்வரிசையினர் பிரம்பால் முடைந்த உயரமான கேடயங்களைச் சுவர்போல் நிறுத்த, அம்மறைவிலிருந்து வில்லாளர்கள் அம்புமாரி பொழிந்தனர். கி.மு. 479இல் கிரேக்க நாட்டுப் பிளாட்டியாவில் நடந்த போரில் அந்தக் கேடய அரண் சரிந்து, கனத்த கவசமணிந்த கிரேக்க வீரர்களான ஸ்பார்ட்டர்களை நெருங்கிநின்று எதிர்க்க நேர்ந்தபோதும் பாரசீகர்கள் துணிந்து பொருதினர்; குறை கவசத்தில் இருந்ததேயன்றி வீரத்தில் இல்லை என்றே நான் கருதுகிறேன்.

சாசானியர் (கி.பி. 224–651) காலத்திலோ களத்தின் முடிவு குதிரைப்படையின் கைக்குச் சென்றது. உழவரிடமிருந்து திரட்டப்பட்ட காலாட்கள் பெரும்பாலும் பாசறைக் காவலுக்கும் முற்றுகைப் பணிகளுக்கும் பயன்பட்டனர். எனினும் 359இல் சாசானிய மன்னர் இரண்டாம் ஷாபூர் ரோமரிடமிருந்து கைப்பற்றிய அமிடா போன்ற அரண்நகரங்களைக் குதிரைவீரர்களால் மட்டும் வீழ்த்தியிருக்க இயலாது. காஸ்பியன் கடலை ஒட்டிய மலைநாட்டுத் தைலமியரோ தேர்ந்த காலாட்களாகவே மதிக்கப்பட்டனர்.