டேங்க் ஃப்ளோட் ஸ்விட்ச்: 3,800 ரூபாய் கொடுத்து ஏமாந்தேன்

தாம்பரம் பக்கம் வீடு. சம்பிலிருந்து மொட்டை மாடி டேங்குக்கு 1 எச்.பி. மோட்டார். போட்டுவிட்டு மறந்துபோகிற வீடு என்பதால், போன வருடம் ஆட்டோமேட்டிக் செட் மாட்டச் சொன்னேன். டேங்கில் மிதக்கும் ஃப்ளோட் ஸ்விட்ச், தண்ணீர் நிரம்பினால் மோட்டாரைத் தானே நிறுத்த வேண்டும். ஏரியா கடைக்காரர் ஆள் அனுப்பினார். 3,800 ரூபாய். "சார், இனிமேல் மோட்டார் சுவிட்சையே மறந்துடலாம்" என்றார். மறந்தும் போனோம்.

நான்கு மாதம் ஓடியது. 6,000 லிட்டர் லாரித் தண்ணீர் வாங்கி சம்பை நிரப்பிய அன்று ராத்திரி, டேங்க் நிரம்பியும் மோட்டார் நிற்கவில்லை. விடிந்து பார்த்தால் தெருவெல்லாம் ஈரம், சம்ப் காலி, மோட்டார் தண்ணீரில்லாமல் ஓடிச் சூடாகி சீல் போயிருந்தது. அதைவிட பயங்கரம், பாத்ரூம் குழாயைத் தொட்ட என் மனைவிக்குச் சுருக்கென்று ஷாக் அடித்தது.

கடைக்குப் போன் செய்தால், "உங்க தண்ணி உப்பு சார், நாங்க என்ன பண்றது" என்றார்கள். வாரண்டி கார்டை எடுத்துப் பார்த்தேன். தேதியும் இல்லை, சீலும் இல்லை.

தெரிந்த எலக்ட்ரீஷியன் ஒருவர் வந்து டேங்க் மூடியைத் திறந்ததும் தலையில் கை வைத்துக்கொண்டார். ஃப்ளோட்டோடு வந்த ஒயர் இரண்டு மீட்டர்தான். அது எட்டாததால் டேங்குக்குள்ளேயே ஜாயின்ட் போட்டு, மேலே இன்சுலேஷன் டேப் சுற்றியிருக்கிறார்கள். 230 வோல்ட்! தண்ணீர் விளிம்பு வரை ஏறியதும் அந்த ஜாயின்ட் நனைந்துவிட்டது. மின்கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி.யும் அப்போது வீட்டில் கிடையாது.

மோட்டார் நிற்காததற்குக் காரணம் வேறு. ஃப்ளோட்டின் மேல் 10(4) ஆம்ப் என்று அச்சடித்திருந்தது. அடைப்புக்குறிக்குள் இருப்பதுதான் மோட்டாருக்கான கணக்காம், எனக்கு இதுவரை தெரியாது. எங்கள் மோட்டார் ஓடும்போதே சுமார் 7 ஆம்ப் இழுக்கும், கிளம்பும்போது அதைப்போல பல மடங்கு. நடுவில் கான்டாக்டர் (மோட்டாரின் கரண்டைத் தாங்கும் பெரிய சுவிட்ச்) வைத்து, ஃப்ளோட் அதை மட்டும் ஆன், ஆஃப் செய்யும்படி விட்டிருக்க வேண்டும். பில்லில் 'கண்ட்ரோல் பாக்ஸ்' என்று 1,400 ரூபாய் போட்டிருந்தார்கள். திறந்தால் ஒரு இண்டிகேட்டர் விளக்கும் ஒரு சுவிட்சும்தான். சம்புக்குத் தனி ஃப்ளோட் வைத்திருந்தால் மோட்டாராவது தப்பியிருக்கும், அதுவும் இல்லை.

இப்போது கான்டாக்டர், 30 மில்லிஆம்ப் ஆர்.சி.சி.பி., ஜாயின்ட் இல்லாத 10 மீட்டர் ஒயரோடு புது ஃப்ளோட், சம்பில் இன்னொன்று. மாட்ட வருகிறவரிடம் கான்டாக்டர் எங்கே, ஜாயின்ட் எங்கே என்று இந்த இரண்டைக் கேளுங்கள். டேங்குக்குள் ஜாயின்ட் என்றால் பணம் கொடுக்காதீர்கள்.

கடைக்காரர் பணம் தரவில்லை. பழைய ஃப்ளோட் அலமாரியில் கிடக்கிறது. குலுக்கினால் உள்ளே குண்டு கடகடவென்று உருளும். மல்டிமீட்டர் வைத்தால், எந்தப் பக்கம் சாய்த்தாலும் இணைப்பு இருக்கிறது என்று பீப் அடித்துக்கொண்டே இருக்கும், உள்ளே கரண்டைச் சேர்த்துப் பிரிக்கும் பாயின்ட் இரண்டும் அப்படி ஒட்டிக்கொண்டுவிட்டன.