டைட்டானியம் ஷேர் ரிப்போர்ட், 4,999 ரூபா: 5க்கு 2 ஸ்டார்

போன தீபாவளி ஆஃபர்ல ஒரு ஷேர் டிப்ஸ் சர்வீஸுக்கு வருஷ சந்தா கட்டினேன், பேரு வேணாம். 'ஏரோஸ்பேஸ் டைட்டானியம் தீம்'னு ஒரு ரிப்போர்ட்ட காட்டித்தான் இழுத்தாங்க. நான் நாகர்கோவில்காரன், மணவாளக்குறிச்சி கடற்கரைல கறுப்பு மண்ணு அள்றத சின்ன வயசுலேந்து பாக்குறவன், அந்த மண்ணுல இருக்குற இல்மனைட்லேந்துதான் டைட்டானியம் வருதுன்னு தெரியும், அதனால பேரக் கேட்டதும் மயங்கிட்டேன்னு வச்சுக்கோங்க.

மொத பத்து பக்கம் நல்லாவே எழுதியிருந்தாங்க, அத மறைக்க மாட்டேன். போயிங் 787 எடைல சுமார் 15% டைட்டானியம், ஏன்னா கார்பன் ஃபைபர் பாடியோட அலுமினியம் ஒட்டினா அரிச்சிடும், டைட்டானியம் அரிக்காது. 2022 மார்ச்ல போயிங் ரஷ்யாக்காரன்கிட்ட வாங்குறத நிறுத்திடுச்சு, அமெரிக்கால டைமெட் கம்பெனியோட ஹெண்டர்சன் ஸ்பாஞ்ச் பிளாண்ட்டும் (ஸ்பாஞ்ச்னா தாதுலேந்து மொதல்ல எடுக்குற, ஓட்டை ஓட்டையா இருக்குற டைட்டானியம், அத உருக்கித்தான் கட்டியாக்குவாங்க) 2020லயே மூடியாச்சு, அதனால ஜப்பான் ஸ்பாஞ்சுக்கு கிராக்கி. எல்லாம் சரி.

பதினொண்ணாம் பக்கத்துல ஏழு கம்பெனி லிஸ்ட். அங்கதான் தலை சுத்திச்சு.

ட்ரோனாக்ஸ், க்ரோனோஸ், கெமோர்ஸ். இதுங்க பண்றது டைட்டானியம் டையாக்சைடுங்க, சுவத்துக்கு அடிக்கிற பெயிண்ட வெள்ளையாக்குற பவுடர்! உலகத்துல தோண்டுற டைட்டானியம் தாதுல முக்காவாசிக்கு மேல இந்த வெள்ளைப் பவுடருக்குத்தான் போகுது, உலோகமா மாறுறது கொஞ்சூண்டு. க்ரோனோஸுக்கு வியாபாரம் ஆகணும்னா எவனாவது வீடு கட்டி பெயிண்ட் அடிக்கணும், ஏர்பஸ்ஸுக்கு ஆயிரம் ஆர்டர் வந்தாலும் இவங்களுக்கு என்ன?

நாலாவது டைமெட். அத ப்ரிசிஷன் காஸ்ட்பார்ட்ஸ் வாங்கி, அந்தக் கம்பெனியவே 2016ல பஃபெட்டோட பெர்க்ஷயர் வாங்கியாச்சு, தனி ஷேரே கிடையாது. பெர்க்ஷயர் வாங்கலாம், ஆனா அதுல டைட்டானியம் கடல்ல கரைச்ச பெருங்காயம்.

மிச்சம் மூணு. ஏடிஐ நெசமாவே உலோகம் உருக்குற கம்பெனி, நிக்கல் அலாயும் உண்டு. ஒசாகா டைட்டானியம் டோக்கியோ மார்க்கெட்ல இருக்கு, என் ஆப்ல அமெரிக்கா ஷேர் மட்டும்தான், அதனால பாத்துட்டு பெருமூச்சு விடலாம். மிதானி நம்ம ஹைதராபாத்ல இருக்குற மத்திய அரசு உலோகக் கம்பெனி, 2018ல லிஸ்ட் ஆனது, நல்ல கம்பெனிதான், ஆனா பொழப்பு ஓடுறது டிஃபென்ஸ், இஸ்ரோ ஆர்டர்ல. பக்கத்துல சவரால கேஎம்எம்எல் வருஷத்துக்கு 500 டன் ஸ்பாஞ்ச் பிளாண்ட் வச்சிருக்கு, அது கேரள அரசு கம்பெனி, ஷேர் கிடையாது, அதப் பத்தி ஒரு வரியாவது எழுதியிருக்கலாம்.

எனக்கு பெரிய கோபம் வேற. ரிப்போர்ட் முழுக்க விமான ஆர்டர் புக் நிரம்பி வழியுதுன்னே பாட்டு. ஆர்டர் இருந்தா போதுமா சார், மாசத்துக்கு எத்தன விமானம் வெளிய வருதுங்கறதுதானே கணக்கு? 2024 செப்டம்பர்ல போயிங்ல 33,000 பேரு ஸ்ட்ரைக் பண்ணி ஏழு வாரத்துக்கு மேல 737 மாதிரி விமானங்களோட வேலை நின்னுச்சு, அப்ப ஆர்டர் புக் அப்படியேதான் இருந்துச்சு, ஆனா அசெம்பிளி நின்னா பார்ட்ஸ் செய்றவன் கைல இருக்குற ஸ்டாக்க வச்சே ஓட்டுவான், புது டைட்டானியம் பில்லட்ட (உருக்கி அடிச்ச கட்டி) அப்புறம் அனுப்புன்னுடுவான், அடி மொதல்ல உருக்குறவனுக்குத்தான். வருஷக்கணக்குல ஷேர் வச்சிருக்கப் போறவனுக்கு இதத்தானே மொதல்ல சொல்லணும். இதப் பத்தி மூச்சே இல்ல.

பெயிண்ட் விஷயத்த கேட்டு மெயில் போட்டேன். நாலு நாள் கழிச்சு பதில்: "பிக்மெண்ட்டும் டைட்டானியம் வேல்யூ செயின்தான் சார்." ரீஃபண்ட் கேட்டா டிஜிட்டல் ப்ராடக்ட்டுக்கு கிடையாதாம்.

ரெண்டு ஸ்டார் அந்த மொத பத்து பக்கத்துக்கு. ஏடிஐல மட்டும் ரெண்டே ரெண்டு ஷேர் வாங்கினேன், அதுவும் அவங்க ஆண்டறிக்கைய நானே படிச்சிட்டு, அது ஓசிலதான் கெடைக்குது. சந்தா கட்டினவங்க யுபிஐல ஆட்டோபேய ஒரு தடவ பாருங்க, எனக்கு அடுத்த வருஷத்துக்கும் சேத்து ஆன்ல இருந்துச்சு.