பழைய கரண்ட் பைக்: லெட் அசிட் பெட்டரியா, லித்தியம் பெட்டரியா?

ஹட்டன், தலவாக்கலை பக்கம் செகண்ட் ஹேண்ட் பாக்குறவங்க எல்லாம் கேக்குறது இதுதான்.

வெல: லெட் அசிட் கம்மி, லித்தியம் கூட.
ஆயுசு: லெட் அசிட் 300-500 தடவ சார்ஜ் போட்டா தளந்துரும், நல்ல லித்தியம் 1000 தாண்டும்.
பாரம்: 72 வோல்ட் லெட் அசிட்டுன்னா ஆறு பெட்டரி, 40 கிலோ கிட்ட, லயத்து (தோட்டத்து வரிசை வீட்டு) படியில தூக்கிப் பாருங்க தெரியும். லித்தியம் பாதி கூட வராது.

ஏத்தம்தான் மெயின். நான் பாக்கப்போன லெட் அசிட் பைக்கு வாசல்ல ஃபுல் சார்ஜ் காட்டுச்சு, ஏத்தத்துல திருப்புனதும் சார்ஜ் மீட்டர்ல ரெண்டு கட்டை விழுந்து மூச்சு வாங்குது, நுவரெலியா குளிருக்கு இன்னும் மோசம். பின்னால ஒரு ஆள ஏத்திக்கிட்டு ஓட்டிப் பாக்காம காசு குடுத்துறாதீங்க.

டவுனுக்குள்ள கடைக்கு போய்வர லெட் அசிட் போதும். தோட்டத்துலருந்து தெனம் ஏறி எறங்குறவங்க லித்தியம்தான் பாக்கணும், அதுவும் பைக்கோட பதிவு புக்கு விக்கிறவரு பேர்ல இருந்தா மட்டும்.